கள்ளியைத் தாளில் ஏற்றுவது எப்படி

நான் அழுத்துச் சட்டத்தில் வைத்த முதல் கள்ளி, இருபத்துநான்காம் நாள் துளிர்விட்டிருந்தது. சாயல்குடியை அடுத்த ஒரு பனங்காட்டு வேலியில் வெட்டிய திருகுக்கள்ளி அது. செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலும் கீழும் பலகைச் சட்டம் போட்டு, நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தேன். பிரித்துப் பார்த்தபோது கிளை நுனியில் அரிசி நீளத்தில் இரண்டு இலைகள், வெளிச்சம் காணாமல் வெளிறிப்போய் நின்றன. அடிப்பாகம் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. மற்றச் செடிகளைப் போல இதைத் தாளுக்குள் வைத்தால் போதாது, முதலில் அதன் உயிரை நிறுத்த வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

நான் கடலாடி வட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தாவரவியல் படித்துவிட்டு ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் கடற்கரையின் கள்ளிகளை ஹெர்பேரியம் தாள்களில் ஏற்றி வருகிறேன். உலர்த்திய செடியைத் தாளில் தைத்து, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று சீட்டு ஒட்டிப் பாதுகாக்கும் தொகுப்புக்குத்தான் ஹெர்பேரியம் என்று பெயர். சதைப்பற்றுள்ள செடிகள் உலகம் முழுவதும் இந்தத் தொகுப்புகளில் குறைவாகவே இருக்கின்றன. வெட்டினால் பால் வடியும், முள் குத்தும், சட்டத்தில் அழுகும் என்பதால் சேகரிப்பவர்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாளில் இல்லாத செடி, பின்னால் வருபவர்களுக்கு அந்த ஊரில் இல்லாத செடியாகவே தெரியும். எங்கள் பக்கம் கள்ளி வேலிகளைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடுகிறார்கள். அதனால் இந்த வேலையை இப்போதே செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். செய்ய விரும்புகிறவர்களுக்காக, எனக்குத் தெரிந்த முறையை எழுதுகிறேன்.

முதலில், எது கள்ளி?

ஊரில் கள்ளி என்ற பெயர் பலவற்றுக்கு உண்டு. சப்பாத்திக்கள்ளியைக் கீறிப் பாருங்கள், பால் வராது. அது அமெரிக்காவிலிருந்து வந்த வேறு குடும்பத்துச் செடி. கொடிக்கள்ளியில் பால் வரும், இலையும் இருக்காது, பார்வைக்குத் திருகுக்கள்ளியின் தங்கை போல இருக்கும். ஆனால் அது எருக்கின் குடும்பம். பூவில் ஐந்து இதழ் விரியும், விதையில் பட்டுப் போன்ற பஞ்சு இருக்கும். நாம் தேடுவது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த யூஃபோர்பியா. எங்கள் கடற்கரையில் பெரிதாக நிற்பவை சதுரக்கள்ளியும் திருகுக்கள்ளியும். மழைக்குப் பிறகு மணலோடு ஒட்டிப் படரும் சிறு வகைகளும், வீட்டு முற்றத்து அம்மான் பச்சரிசியும்கூட இதே பேரினம்தான். அவற்றைச் சாதாரணச் செடி போலவே அழுத்தலாம், ஐந்தாறு நாளில் காய்ந்துவிடும். தொல்லை கொடுப்பவை பெரிய கள்ளிகள். அவற்றிலும் சதுரக்கள்ளியை வைத்தே சொல்கிறேன். அது நம் மண்ணின் செடி. திருகுக்கள்ளியின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா. ஆனாலும் அது இங்கே வேரூன்றி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் டச்சு ஆளுநர் வான் ரீட் மலபாரில் தொகுத்த ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் என்ற தாவர நூலில் அது திருக்கள்ளி என்று பதிவானது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அதையே இனப் பெயராக்கி யூஃபோர்பியா திருக்கள்ளி என்று எழுதினார். நம் வேலிச் செடியின் பெயரை உலகம் முழுவதும் தாவரவியலாளர்கள் உச்சரிக்கிறார்கள் என்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

கையில் ஒரு கைலென்ஸ் இருந்தால் சந்தேகமே வராது. சதுரக்கள்ளி பூப்பதை நான் பெரும்பாலும் தை முதல் பங்குனி வரை பார்த்திருக்கிறேன். தண்டில் நெடுக எழும்பி ஓடும் மூலைகளைத்தான் பட்டை என்கிறேன், அந்தப் பட்டையின் மேட்டில் முட்கள் இரண்டிரண்டாக நிற்கும். அவற்றுக்குச் சற்று மேலே மூன்று சிறு கிண்ணங்கள் இருக்கும், நடுவில் காம்பில்லாமல் ஒன்று, இரு பக்கமும் காம்போடு இரண்டு. ஒரு கிண்ணம் மிளகை விடக் கொஞ்சம் பெரிது. விளிம்பைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் தேன் சுரக்கும் ஐந்து தடித்த சுரப்பிகள் உள்ளன. பார்ப்பவர்கள் இதை ஒரு பூ என்பார்கள். உண்மையில் இது ஒரு கூட்டம். உள்ளே நிற்கும் ஒவ்வொரு மகரந்தத் தாளும் ஒரு தனி ஆண் பூ. காம்பின் நடுவில் ஒரு மெல்லிய கணு தெரியும். அதற்குக் கீழே இருப்பது பூவின் காம்பு, மேலே இருப்பது மகரந்தத் தாள். இருபாற் கிண்ணமாக இருந்தால் நடுவில் ஒரு பெண் பூவும் இருக்கும். அது சூல் கொண்டதும் காம்பு நீண்டு, மூன்று அறை கொண்ட காயை வெளியே தள்ளித் தொங்கவிடும். முதன்முதலில் அந்தக் கணுவைக் கண்ட நாளில், வேலியோரம் மணலிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெட்டும் முன்

கள்ளி வேலிக்கு உடையவர் உண்டு. கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஊர்க் காட்டில் கோயிலைச் சார்ந்து நிற்பதைத் தொடுவதற்கு முன் ஊர்ப் பெரியவரிடம் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. அவை 1986 முதல் தேசியப் பூங்கா.

செடியைக் கண்டதும் கத்தியை எடுக்காதீர்கள். உலர்ந்த பிறகு கள்ளியில் நிறம் நிற்காது, பருமன் நிற்காது, பட்டையின் அலைவுகூடச் சுருங்கி மாறிவிடும். ஆகவே தாளில் ஏறப் போவது பாதி, குறிப்பேட்டில் ஏறப் போவது மீதிப் பாதி. உயரம், கிளைக்கும் விதம், அடிமரம் உருண்டையா பட்டையா, தண்டுக்கு எத்தனை பட்டை, முள்ளின் நீளம், இரண்டு முள் ஜோடிகளுக்கு இடையே எவ்வளவு தூரம், கிண்ணத்தின் நிறம், பால் எவ்வளவு வேகமாக வருகிறது என்று அங்கேயே நின்று அளந்து எழுதுங்கள். பட்டைகளை எண்ணாமல் பெயரை நம்ப வேண்டாம். மூன்று பட்டை உள்ளதையும் எங்கள் பக்கம் சதுரக்கள்ளி என்றுதான் சொல்கிறார்கள், ஒரே செடியில் மூன்றும் நான்கும் கலந்தும் வரும். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை வியர்வையிலும் உப்புக் காற்றிலும் கரைந்துவிடும். அளவுகோலைச் செடியோடு வைத்துப் படம் எடுங்கள், முழுச் செடியாக ஒன்று, கிளை நுனி ஒன்று, கிண்ணம் ஒன்று.

பிறகு எண் போடுங்கள். சேகரிப்பவருக்கு ஒன்றிலிருந்து தொடங்கும் ஒரே வரிசைதான் வாழ்நாள் முழுவதும். வருடம் மாறினாலும் எண் திரும்பி வரக் கூடாது. அந்த எண்ணைச் சிறு அட்டையில் எழுதி நூலால் செடித் துண்டிலேயே கட்ட வேண்டும்.

பால் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். தடித்த கையுறை, கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடி, ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர், சோப்பு. இவை இல்லாத நாளில் நான் வெட்டுவதில்லை. ஒருமுறை துணைக்கு வந்த என் தம்பி கண்ணாடியைக் கழற்றி நெற்றி வியர்வையைத் துடைத்தான், அந்த நேரத்தில் வெட்டுவாயிலிருந்து ஒரு துளி கண்ணில் தெறித்துவிட்டது. பனை மரத்தடியில் இருந்த பெரியவர் ஒருவர் ஓடிவந்து, “தாயி, தண்ணீரை விட்டுக்கொண்டே இரு, நிறுத்தாதே” என்று சொல்லித் தானே அவன் தலையைப் பிடித்துக்கொண்டார். இருபது நிமிடம் ஊற்றினோம். பிறகு நேரே கண் மருத்துவரிடம் போனோம். பார்வை தெளிய ஒரு வாரம் ஆனது. தாய்ப்பால் விட்டால் சரியாகும் என்று சொல்லும் பழக்கம் ஊரில் இருக்கிறது. அதைத் தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம், தண்ணீரும் மருத்துவரும்தான் வழி. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று வெட்டுங்கள். கச்சான் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் நான் கள்ளிப் பக்கம் போவதே இல்லை.

பூவும் காயும் உள்ள நுனிக் கிளையில் ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம் போதும். அதே செடியில் இன்னும் இரண்டு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், அவை பிரதிகள். வெட்டுவாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பால் நிற்கும்வரை செய்தித்தாளின் மேல் விட்டுவையுங்கள். காய்களைத் தனித் தாள் உறையில் போட்டு மூடுங்கள். காய்ந்ததும் அவை வெடித்து விதையை எறியும். உறை இல்லாவிட்டால் விதை அறை முழுவதும் சிதறிவிடும். நான்கைந்து கிண்ணங்களைச் சிறு கண்ணாடிக் குப்பியில், 70 சதவீத ஸ்பிரிட்டில் போட்டு அதே எண்ணை ஒட்டுங்கள். அழுத்திய கிண்ணம் நசுங்கிவிடும். குப்பியில் இருப்பதைப் பல ஆண்டு கழித்தும் பிரித்துப் பார்க்கலாம்.

உயிரை நிறுத்துதல்

வீட்டுக்கு வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது. சதுரக்கள்ளித் துண்டைக் கூரிய கத்தியால் நெடுக இரண்டாகப் பிளங்கள். முள் வரிசையும் பூவும் உள்ள பாதியை எடுத்து, உள்ளிருக்கும் வெண்ணிறச் சதையைக் கரண்டியால் சுரண்டி எடுங்கள். இளநீர் வழுக்கையை வழிப்பது போன்ற வேலை. தோலைக் கிழிக்காமல், ஓட்டோடு கொஞ்சம் தசை இருக்கும்படி விட வேண்டும். இன்னொரு துண்டிலிருந்து அரை விரல் கனத்தில் குறுக்காக ஒரு வில்லை வெட்டிக்கொள்ளுங்கள். பட்டை மூன்றா நான்கா என்பதைப் பிற்காலத்தில் காட்டப் போவது அந்த வில்லைதான். எல்லோரும் இதை மறக்கிறார்கள், நானும் முதல் நாற்பது தாள்களில் இதைச் செய்யவில்லை. அவற்றில் தண்டு எத்தனை பட்டை என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பிறகு கொதிக்கும் நீரில் ஒன்றிரண்டு நிமிடம் முக்கி எடுங்கள். திருகுக்கள்ளியைப் பிளக்க வேண்டியதில்லை, தண்டு பென்சில் கனம்தான், முழுதாகவே முக்கலாம். இதை வீட்டுக்குள் செய்ய வேண்டாம். வெளியே கல் கூட்டி, இதற்கென்றே ஒதுக்கிய பாத்திரத்தில் செய்யுங்கள். அந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்கு வரக் கூடாது. ஆவி முகத்தில் அடிக்காத பக்கம் நில்லுங்கள். நீரை விட்டு எடுத்ததும் பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகும். வருந்த வேண்டாம், நிறம் குறிப்பேட்டில் இருக்கிறது.

சட்டத்தில் வைக்கும்போது முள் தாளைக் கிழிக்கும். முள் பக்கத்தின் மேல் பழைய பருத்திச் சேலைத் துண்டை நான்காக மடித்துப் போட்டு, அதன் மேல் செய்தித்தாள் வையுங்கள். முதல் நாள் இரண்டு முறை, அடுத்த ஒரு வாரம் தினமும் ஒரு முறை, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தாள் மாற்ற வேண்டும். எங்கள் கடற்கரையில் தாள் மாற்றுவது மட்டும் போதாது. காற்றில் உப்பு ஈரம் இருக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் புதுத் தாளே நனைந்தது போலத்தான் இருக்கும். மாற்றப் போகும் தாளை முதலில் வெயிலில் காய வைத்து, சூடாக இருக்கும்போதே உள்ளே வையுங்கள். மழை நாளில் ஒரு மரப்பெட்டிக்குள் குண்டு பல்பை எரியவிட்டு, அதற்கு மேலே பல்பு தொடாத உயரத்தில் சட்டத்தை நிறுத்தி வைக்கிறேன். வெதுவெதுப்பு போதும். அதிகச் சூட்டில் கள்ளி வெந்து கறுத்துவிடும். இரண்டு மூன்று வாரம் ஆகும்.

செடி காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு, ஈரம் இருந்தால் குளிரும். கள்ளியில் அதைச் செய்யக் கூடாது, காய்ந்த பாலும் தோலைப் புண்ணாக்கும். சிறு எடைத் தராசில் வையுங்கள். இரண்டு நாள் இடைவெளியில் எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது.

சீட்டு

எங்கள் கல்லூரி அலமாரியில் ஒரு பழைய தாள் இருக்கிறது. அழகாக உலர்த்திய சதுரக்கள்ளி, முள் ஒன்றுகூட உடையவில்லை. சீட்டில் இருப்பது மூன்றே சொற்கள், “கள்ளி வகை, ராம்நாடு”. பக்கத்தில் 1974 என்ற ஆண்டு. எடுத்தவர் பெயர் இல்லை, எண் இல்லை, ஊர் இல்லை. 1985க்கு முன் ராம்நாடு மாவட்டம் என்றால் இன்றைய சிவகங்கையும் விருதுநகரும் சேர்ந்தது. அந்தச் செடி தேவிபட்டினம் மணலில் நின்றிருக்கலாம், காரைக்குடிச் செம்மண்ணில் நின்றிருக்கலாம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்திலும் நின்றிருக்கலாம். அவ்வளவு பாடுபட்டு உலர்த்தியவர், இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் அது எங்கள் மாவட்டத்தின் மிக நல்ல சான்றுகளில் ஒன்றாக இருந்திருக்கும். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

ஆகவே மாவட்டத்தின் பெயரை மட்டும் நம்பாதீர்கள், ஊர்ப் பெயரையும் முழுக்க நம்பாதீர்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியில் தெருவும் இல்லை, தெருவை வைத்துச் சொன்ன அடையாளமும் இல்லை. ஃபோனில் கிடைக்கும் ஜி.பி.எஸ். எண்ணை எழுதுங்கள், தசமப் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் வேண்டும். நான்கு இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டருக்குள் இடம் தெரியும், செடியின் முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்தும். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் சுற்றித் தேட வேண்டும். அதோடு, பேச்சில் சொல்வது போல வழியையும் எழுதுங்கள். என் சீட்டு ஒன்றை அப்படியே தருகிறேன்:

எண் 214. யூஃபோர்பியா ஆன்டிகுவோரம். ஆமணக்குக் குடும்பம். ஊர்ப் பெயர்: சதுரக்கள்ளி. இராமநாதபுரம் மாவட்டம், கடலாடி வட்டம், மாரியூருக்கு மேற்கே பனங்காட்டின் தென்விளிம்பு, பழைய வேலி. கடல் மணல். குறுமரம், 3.2 மீட்டர், அடிமரம் உருண்டை. தண்டு மூன்று பட்டை, நுனிக் கிளைகளில் சில நான்கு; முள் ஜோடி, 4 மி.மீ. பால் வெள்ளை, மிகுதி. கிண்ணம் மஞ்சள் கலந்த பச்சை, எறும்புகள் மொய்த்தன. வேலியில் சுமார் 12 செடிகள். உடன் உடைமரம், சீமைக்கருவேலம், சப்பாத்திக்கள்ளி. குறுக்கு வில்லை உறையில். கிண்ணங்கள் ஸ்பிரிட் குப்பியில்.

இதற்குக் கீழே ஜி.பி.எஸ். எண்ணும் தேதியும் என் பெயரும் இருக்கும். எறும்பை ஏன் எழுத வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். தாளில் எறும்பு இருக்காது, நீங்கள் எழுதாவிட்டால் அது வேறு எங்கும் இருக்காது. அறிவியல் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் பேரினத்தோடு நிறுத்துங்கள், பெயரைப் பிறகு வருபவர் வைத்துக்கொள்ளலாம், இடத்தை அவரால் கண்டுபிடிக்க முடியாது. பிறர் தாளில் பெயர் தவறு என்று கண்டால் அடிக்காதீர்கள், சுரண்டாதீர்கள். உங்கள் முடிவையும் பெயரையும் தேதியையும் சிறு சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள். பழைய பெயரும் அந்தச் செடியின் வரலாறுதான்.

தாள் 42 × 28 செ.மீ. அளவில் கெட்டியாக இருக்க வேண்டும். கள்ளியைப் பசையால் மட்டும் ஒட்ட முடியாது, கனத்தில் கழன்று விழும். தடித்த வெள்ளை நூலால் நான்கைந்து இடத்தில் தைத்து முடிச்சைப் பின்பக்கம் போடுங்கள், முடிச்சின் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கீழே இருக்கும் தாளின் செடியை அது கொக்கி போட்டு இழுக்கும். சீட்டு வலது கீழ் மூலையில். உதிர்ந்த முள்ளும் விதையும் வில்லையும் தாள் உறையில், அதே தாளிலேயே.

அலமாரியில் வைக்கும் முன் பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். சிகரெட் வண்டின் புழுவும் முட்டையும் அதில் சாகும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் ஈரம் படியும். பழைய தொகுப்புகளைப் புரட்டினால் கையைக் கழுவுங்கள். அந்தக் காலத்தில் பூச்சிக்காகப் பாதரசக் குளோரைடு பூசினார்கள், அது இன்னும் தாளில் இருக்கிறது.

ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொண்டு மற்றதை நிலையான தொகுப்புக்கு அனுப்புங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும். வெளிநாட்டு நண்பர் கேட்டார் என்று தபாலில் போட்டுவிடாதீர்கள். சதைப்பற்றுள்ள யூஃபோர்பியாக்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை, காய்ந்த துண்டானாலும் எல்லை தாண்ட அனுமதி வேண்டும்.

இந்தத் தை பிறந்ததும் நான் மூக்கையூர்ப் பக்கம் போகிறேன். அங்கே ஒரு வேலியில் எல்லாத் தண்டும் மூன்று பட்டையாக ஒரு செடியும், எல்லாத் தண்டும் நான்கு பட்டையாக ஒரு செடியும் அடுத்தடுத்து நிற்கின்றன. உடையவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கம்பி வேலிக்காரர் வருவது மாசியில்தான் என்றார். இரண்டுக்கும் தனித்தனி எண் போட வேண்டும், இரண்டிலும் வில்லை எடுக்க வேண்டும்.